அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருந்தது?



கார்மெண்ட்ஸ் வேலை முடிந்து, இரண்டு பஸ் மாறி, வீட்டுக்குப் போய் அடுப்பைக்கூடப் பற்ற வைக்காமல் சில அக்காமார் நேராக இங்கே வந்திருக்கிறீர்கள். அதனால் நீட்டி முழக்க மாட்டேன்.

நான் வக்கீல் இல்லை. டாக்டரும் இல்லை. பத்தாவது வரை படித்தவள். உங்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்க வந்தவள். போன மாதம் நாம் ரேஷன் அட்டையைப் படித்தோம். அதற்கு முன்னால் பாங்கில் பணம் எடுக்கும் சீட்டைப் படித்தோம். இன்றைக்கு வேறு ஒரு காகிதத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். அது மனநல மருத்துவமனையில் நம்மிடம் கையெழுத்து வாங்கும் காகிதம்.

என் சித்தி, அம்மாவுக்கு நேர் இளையவர். இதே பெங்களூரில்தான் இருக்கிறார். அவர் கதையைச் சொல்லலாமா என்று அவரிடமே கேட்டேன். "பேரைச் சொல்லாம சொல்லு" என்றார்.

2021ஆம் ஆண்டு கொரோனாவில் எங்கள் பாட்டி இறந்துபோனார். முகத்தைக்கூடப் பார்க்க விடவில்லை. உங்களில் சிலருக்கும் அப்படி நடந்திருக்கும். அதற்குப் பிறகு சித்திக்குத் தூக்கம் போய்விட்டது. இரவில் எழுந்து தெருவில் நிற்பார். "அம்மா வர்றாங்க, கதவைத் திற" என்பார். வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். ஒருநாள் பக்கத்து வீட்டம்மாவோடு பெரிய சண்டை. போலீஸ் வரைக்கும் போய்விட்டது.

சித்தப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். கெட்டவர் இல்லை, பயந்துவிட்டார். ஸ்டாண்டில் யாரோ சொன்னார்கள் என்று ஒரு தனியார் நர்சிங் ஹோமுக்குச் சித்தியை அழைத்துப் போனார். "சும்மா ஊசி போட்டுட்டு வந்துடலாம்" என்று சொல்லித்தான் அழைத்துப் போனார். அங்கே ஒரு காகிதத்தை நீட்டினார்கள். மை டப்பாவையும் நீட்டினார்கள். சித்தி கைநாட்டு வைத்தார். அப்போது அவருக்கு எழுத்துத் தெரியாது. தெரிந்திருந்தாலும் பயனில்லை. அந்தக் காகிதம் முழுக்க இங்கிலீஷில் இருந்தது.

நான்கு வாரம் எங்களைப் பார்க்க விடவில்லை. "சொந்தக்காரங்களைப் பார்த்தா நோய் கூடும்" என்றார்கள். ஐந்தாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் போய்க் கேட்டுவாசலிலேயே உட்கார்ந்துவிட்டோம். பிறகுதான் அழைத்து வந்தார்கள்.

முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். யாருடையதோ ஒரு நைட்டி. வாயோரம் எச்சில் வழிந்தது. கை நடுங்கியது. காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தார். அம்மா பிளாஸ்கில் காபி கொண்டு போயிருந்தார். டம்ளரைப் பிடிக்க முடியவில்லை, அம்மாதான் ஊட்டினார். சித்தி சொன்னது ஒரே ஒரு வார்த்தை. "வீட்டுக்கு."

நர்சைக் கேட்டேன். "புருஷன் கையெழுத்துப் போட்டாத்தான் அனுப்புவோம்" என்றார். சித்தப்பாவைக் கேட்டேன். "டாக்டர் இன்னும் ஆறு மாசம் இருக்கணும்னு சொல்றாரு. நான் என்ன பண்ணட்டும்?" என்றார். பில் வேறு ஏறிக்கொண்டே போனது. சித்தப்பா ஆட்டோவை அடகு வைத்திருந்தார்.

அன்றைக்கு நானும் ஒன்றும் தெரியாமல்தான் திரும்பி வந்தேன். நோய் முற்றியதால்தான் சித்தி அப்படி ஆகிவிட்டார் என்று நினைத்தேன். மாத்திரையால் அப்படி ஆகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

எங்கள் தெருவில் ஒரு சங்கத்து அக்கா இருக்கிறார். அவர்தான் "15100க்குப் போன் பண்ணு" என்றார். அது இலவச சட்ட உதவிக்கான போன் எண். எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று, ஐந்து, ஒன்று, பூஜ்யம், பூஜ்யம். எல்லா மாவட்டத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு என்று ஓர் அலுவலகம் கோர்ட் வளாகத்தில் இருக்கும். அங்கே பெண்களுக்கு இலவசமாக வக்கீல் தருவார்கள். பெண் என்றால் வருமானச் சான்றிதழ் வேண்டாம். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், குழந்தைகள், ஊனமுற்றோர், மனநோய் உள்ளவர்கள், தொழிலாளர்கள் எல்லோருக்கும் உண்டு. மனநல மருத்துவமனைக்குள் இருப்பவருக்கும் உண்டு. இது 1987ஆம் வருடச் சட்டம். அத்தனை வருடமாக இருக்கிற சட்டம் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது!

எங்களுக்கு ஒரு வக்கீலம்மா கிடைத்தார். கன்னடக்காரர். தமிழ் கொஞ்சம் வரும். அவர் கேட்ட முதல் கேள்வி, "அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருந்தது?" நாங்கள் முழித்தோம்.

மறுநாள் அவரே எங்களோடு வந்தார். காகிதத்தைக் காட்டச் சொன்னார். படித்தார். எங்களைப் பார்த்துச் சிரித்தார். "உங்க சித்தி தானா விருப்பப்பட்டு வந்து சேர்ந்திருக்காங்கன்னு இதுல எழுதியிருக்கு" என்றார்.

யோசித்துப் பாருங்கள். விருப்பப்பட்டு வந்தவர் வீட்டுக்குப் போகிறேன் என்றால் விட வேண்டாமா? சட்டம் அதைத்தான் சொல்கிறது. தன் விருப்பத்தில் சேர்ந்தவர் போகிறேன் என்று கேட்டால் அனுப்ப வேண்டும். புருஷன் கையெழுத்தோ, அண்ணன் கையெழுத்தோ தேவை இல்லை. அனுப்பினால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் நினைத்தால் 24 மணி நேரம் மட்டும் நிறுத்தி வைத்துப் பரிசோதிக்கலாம். சித்தியை ஐந்து வாரம் வைத்திருந்தார்கள். அவர் வைத்த கைநாட்டே அவரைப் பூட்டி வைத்தது. அதே கைநாட்டுதான் பிறகு பூட்டைத் திறந்தது.

இந்தச் சட்டத்தின் பெயர் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. 2018ஆம் வருடம் மே 29 முதல் நாடு முழுவதும் நடைமுறையில் இருக்கிறது. நான் புத்தகம் முழுவதும் படித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். வக்கீலம்மா சொன்னதையும், பிறகு நான் எழுத்துக் கூட்டிப் படித்ததையும்தான் சொல்கிறேன்.

இந்தச் சட்டம் சும்மா வந்துவிடவில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் 1912இல் ஒரு சட்டம் போட்டார்கள். அதன் பெயரே பைத்தியக்காரர்கள் சட்டம். மனநோய் உள்ளவரால் ஊருக்கு ஆபத்து, பிடித்து அடை என்பதுதான் அதன் நோக்கம். 1987இல் அதை மாற்றினார்கள். அந்தச் சட்டமும் யாரை எப்படிச் சேர்ப்பது என்பதைத்தான் அதிகம் பேசியது. சேர்க்கப்பட்டவருக்கு என்ன உரிமை என்பதைக் குறைவாகவே பேசியது.

அந்தக் காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அஸ்ஸாம் மாநிலத்தில் ஒரு பழங்குடி மனிதர். 1951இல் அவரைப் பிடித்தார்கள். விசாரணை நடக்கவில்லை. தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். 1967இல் டாக்டர்கள் அவர் நன்றாக இருக்கிறார் என்று எழுதிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பினார்களா? இல்லை, ஜெயிலுக்கு அனுப்பினார்கள். அவர் வெளியே வந்தது 2005இல். 54 வருடம்! போகும்போது 23 வயது வாலிபர். வரும்போது 77 வயதுக் கிழவர். உச்சநீதிமன்றம் அவருக்கு 3 லட்சம் ரூபாய் நஷ்ட ஈடும், மாதம் 1,000 ரூபாயும் கொடுக்கச் சொன்னது. 54 வருடத்துக்கு 3 லட்சம். கணக்குப் படித்தவர்கள் வகுத்துப் பாருங்கள்.

இதில் இன்னொரு வருத்தமும் இருக்கிறது. குற்றம் செய்யாதவரை மனநோய் என்று சொல்லி ஜெயிலில் வைப்பது சட்ட விரோதம் என்று உச்சநீதிமன்றம் 1993இலேயே சொல்லிவிட்டது. மேற்கு வங்காளத்து ஜெயில்களைப் பற்றி ஷீலா பார்சே என்ற பத்திரிகையாளர் போட்ட வழக்கு அது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகும் இந்த மனிதர் 12 வருடம் உள்ளே இருந்திருக்கிறார். தீர்ப்பு காகிதத்தில் இருந்தது. அவர் ஜெயிலில் இருந்தார்.

ஏர்வாடி பற்றி உங்களுக்கே தெரியும். ராமநாதபுரம் பக்கத்து ஆட்கள் இங்கேயும் இருக்கிறீர்கள். 2001 ஆகஸ்ட் 6. விடியற்காலையில் ஒரு காப்பகத்தின் கூரையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் செத்துப்போனார்கள். உச்சநீதிமன்றம் யாரும் கேட்காமல் தானாகவே அதை வழக்காக எடுத்தது. இன்றைய சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. எந்த விதத்திலும் யாரையும் சங்கிலி போடக் கூடாது. அந்த வரியைப் படிக்கும்போது எனக்கு அந்த 28 பேரும் நினைவுக்கு வருவார்கள்.

இன்னொரு வழக்கு டெல்லியில். 2017இல் வயது வந்த ஒரு இளம் பெண் தன் இசை ஆசிரியர் வீட்டில் தங்கியிருந்தார். பெற்றோருக்குப் பிடிக்கவில்லை. இரவில் ஆம்புலன்ஸ் கொண்டு வந்து அவரைத் தூக்கிப் போய் மனநல மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள். போலீசும் தடுக்கவில்லை. 2018இல் டெல்லி உயர்நீதிமன்றம் இது சட்ட விரோதம் என்று சொன்னது. நஷ்ட ஈடும் கொடுக்கச் சொன்னது. பெற்றவர்களாகவே இருந்தாலும் வயது வந்த பெண்ணை இப்படித் தூக்கிப் போக முடியாது.

இதை எதற்குச் சொல்கிறேன்? நம் வீடுகளிலும் இது நடக்கிறது. வேறு சாதிப் பையனைக் காதலித்தால் "புத்தி கெட்டுப்போச்சு" என்கிறார்கள். சொத்தில் பங்கு கேட்ட அக்காவைப் "பைத்தியம்" என்கிறார்கள். சட்டம் சொல்கிறது. ஊர் வழக்கத்துக்கு ஒத்துப் போகவில்லை, சாமி கும்பிடவில்லை, சொன்ன பேச்சுக் கேட்கவில்லை என்பதற்காக ஒருவருக்கு மனநோய் என்று முடிவு செய்யக் கூடாது. முன்பு எப்போதோ மாத்திரை சாப்பிட்டார் என்பதும் போதாது.

சரி, ஒருவருக்கு உண்மையாகவே முடியவில்லை. தன்னையே வெட்டிக்கொள்ளப் போகிறார். அல்லது பிறரை அடிக்கிறார். அல்லது சோறு தண்ணி இல்லாமல் கிடக்கிறார். ஆனால் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்கிறார். அப்போது என்ன செய்வது? அண்ணன் ஒருவர் இதைக் கேட்க வாயெடுத்தது தெரிந்தது. நியாயமான கேள்விதான். அதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. அவருடைய நியமனப் பிரதிநிதி எழுதிக் கேட்க வேண்டும். ஒரு மனநல டாக்டரும், இன்னொரு டாக்டரோ மனநலப் பணியாளரோ தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும். இரண்டு பேரும் சேர்க்கத்தான் வேண்டும் என்று சொல்ல வேண்டும். அப்படிச் சேர்த்தாலும் 30 நாள் வரைதான். பெண்ணாக இருந்தால் மூன்று நாளுக்குள் மனநல மறு ஆய்வு வாரியத்துக்குத் தகவல் கொடுக்க வேண்டும். ஆணாக இருந்தால் ஏழு நாள்.

இந்த வாரியத்துக்குத் தலைவர் மாவட்ட நீதிபதி அளவில் இருப்பவர், அல்லது அப்படி இருந்து ஓய்வு பெற்றவர். விருப்பம் இல்லாமல் சேர்த்துவிட்டார்கள் என்று மனுக் கொடுத்தால் ஏழு நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மனுவுக்குப் பணம் கிடையாது. உள்ளே அடைபட்டிருப்பவர் எழுத முடியாவிட்டால், அவசர நிலையில் போனில் சொன்னால்கூட ஏற்றுக்கொள்ளலாம். வாரியத்தின் முடிவு சரியில்லை என்றால் 30 நாளுக்குள் உயர்நீதிமன்றம் போகலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சட்டம் வந்து பல வருடம் வரைக்கும் பல மாநிலங்களில் இந்த வாரியத்தையே அமைக்கவில்லை. கோர்ட் கேட்ட பிறகுதான் அசைந்தார்கள். அதனால்தான் நான் முதலில் 15100ஐச் சொன்னேன்.

சித்தி வக்கீலம்மா போன மறுநாள் வெளியே வந்தார். சித்தப்பாவும் ஆட்டோவோடு வாசலில் நின்றார். ஒன்றும் பேசவில்லை.

இனி மாத்திரை விஷயம். இதைக் கவனமாகக் கேளுங்கள். தப்பாகப் புரிந்துகொண்டால் ஆபத்து.

சித்தியை ஒரு அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். அங்கே இருந்த டாக்டர் பழைய சீட்டை வாங்கிப் பார்த்தார். ஒரே வகை மருந்து மூன்று. தூக்க மாத்திரை தனியாக இரண்டு. "இவங்க நடை இப்படி ஆனது நோயால இல்லம்மா, மருந்தால" என்றார். ஹாலோபெரிடால் என்று ஒரு மருந்து உண்டு. பழைய மருந்து. பலருக்கும் உதவுகிற மருந்துதான். அளவு கூடினால் உடம்பு விறைக்கும், கை நடுங்கும், ஓரிடத்தில் உட்கார முடியாது. ஓலன்சபைன் என்று இன்னொன்று. அதில் எடை ஏறும். சர்க்கரை நோயும் வரலாம். அதனால் ரத்தத்தில் சர்க்கரை பார்க்க வேண்டும். லித்தியம் சாப்பிடுகிறவர்களுக்கும் அடிக்கடி ரத்தப் பரிசோதனை வேண்டும். மருந்து ரத்தத்தில் கூடிவிட்டால் அது விஷம்.

மாத்திரை கெட்டது என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த அன்றே சித்தி எல்லாவற்றையும் சாக்கடையில் கொட்டப் போனார். அம்மா கையைப் பிடித்துத் தடுத்தார். நல்ல வேளை. திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பி இன்னும் மோசமாக வரலாம் என்று டாக்டர் பிறகு சொன்னார். அவர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். நான்கு மாதம் ஆனது. இப்போது சித்தி இரவில் ஒரே ஒரு மாத்திரை சாப்பிடுகிறார். அது தனக்கு வேண்டும் என்று அவரே சொல்கிறார். கை நடுக்கம் நின்றுவிட்டது. மறுபடியும் தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டார்.

முதல் டாக்டர் நல்லவரா கெட்டவரா என்று எனக்குத் தெரியாது. ஒரு வார்டில் நிறைய பேர், பார்க்க ஆள் கொஞ்சம். எல்லோரும் சத்தமில்லாமல் தூங்கினால் அவர்களுக்குச் சுலபம். ஆனால் மருந்து நோயைத் தீர்க்கத்தான், வார்டை அமைதியாக வைக்க இல்லை. பிறருக்கோ தனக்கோ உடனடி ஆபத்து என்றால் மட்டுமே, வேறு வழியே இல்லாதபோது, ஒருவரைக் கட்டுப்படுத்தலாம். தண்டனையாகவோ, ஆள் பற்றாக்குறைக்காகவோ செய்யக் கூடாது. மயக்க மருந்து கொடுக்காமல் ஷாக் வைக்கக் கூடாது. முடியை வலுக்கட்டாயமாக வெட்டக் கூடாது. சொந்தத் துணி உடுத்திக்கொள்ள உரிமை உண்டு. கூலி இல்லாமல் வேலை வாங்கக் கூடாது. பார்க்க வருகிறவர்களைப் பார்க்கவும், போனில் பேசவும் உரிமை உண்டு. சித்தியின் முடியை வெட்டியது தப்பு என்று எங்களுக்கு அப்போது தெரியாது. முடிதானே, வளரும் என்று நினைத்தோம். சித்தி இன்றைக்கும் அதைத்தான் முதலில் சொல்லி அழுகிறார்.

சம்மதம் என்றால் என்ன என்பதையும் சட்டம் சொல்லியிருக்கிறது. இந்த வைத்தியத்தால் என்ன நன்மை, என்ன கெடுதல், வேறு வழி உண்டா என்று சொல்ல வேண்டும். அதுவும் அந்த ஆளுக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். தமிழ் பேசுகிறவருக்குத் தமிழில். மிரட்டியோ, பொய் சொல்லியோ வாங்கிய கைநாட்டு சம்மதம் ஆகாது. அதனால் "இதை எனக்குத் தமிழில் படித்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும். எனக்கும் இருந்தது. கேட்டால் கோபப்படுவார்கள் என்று பயம். சிலர் கோபப்படத்தான் செய்வார்கள். பரவாயில்லை.

கடைசியாக ஒரு காகிதம். இதை நாமே எழுதலாம்.

எனக்கு முடியாமல் போனால் என் சார்பில் யார் பேச வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். அவர்தான் நான் முன்னால் சொன்ன நியமனப் பிரதிநிதி. ஸ்டாம்ப் பேப்பர் வேண்டாம். வெள்ளைத்தாள் போதும். கையெழுத்தோ கைநாட்டோ போதும். வயது வந்த யாரையும் எழுதலாம். மனம் மாறினால் பெயரை மாற்றிக்கொள்ளலாம். எழுதி வைக்காவிட்டால் சொந்தக்காரர்தான் அந்த இடத்துக்கு வருவார். அவர் நமக்கு வேண்டியவராகவும் இருக்கலாம். வேண்டாதவராகவும் இருக்கலாம். எனக்கு இந்த மருந்து வேண்டாம், இந்த வைத்தியம் சம்மதம் என்று எழுதி வைக்கவும் வழி உண்டு. அதற்கு முன் அறிவுறுத்தல் என்று பெயர். அதற்கு இரண்டு சாட்சி வேண்டும், வாரியத்தில் பதிய வேண்டும். உயிர் போகிற அவசரத்தில் அது செல்லாது. மற்ற நேரத்தில் டாக்டர் அதை மதிக்க வேண்டும்.

சித்தி நம் மையத்தில் சேர்ந்தது இதற்காகத்தான். ஒன்பது மாதம் படித்தார். பிறகு அந்தத் தாளை அவரே எழுதினார். மூன்று நாள் மாலை உட்கார்ந்து எழுதினார். நான் எழுதித் தருகிறேன் என்றேன். "நீ சும்மா இரு" என்றார். "பிரதிநிதி" என்ற வார்த்தையில் இரண்டு தடவை தப்பு வந்தது. அடித்துவிட்டு எழுதினார். யார் பெயரை எழுதினார் என்று நினைக்கிறீர்கள்? என் பெயர் என்று நான் நினைத்தேன். இல்லை. சித்தப்பாவின் பெயரும் இல்லை. என் அம்மாவின் பெயர். "உங்கம்மாதான் அன்னிக்கு மாத்திரையைக் கொட்ட விடல, அங்கேயும் இருக்க விடல" என்றார். சித்தப்பா அதைப் படித்துப் பார்த்தார். கொஞ்சம் முகம் வாடியது. ஆனால் தாளை மடித்து ரேஷன் அட்டையோடு பத்திரமாக வைத்தவர் அவர்தான்.

மனசு சரியில்லை, தூக்கம் வரவில்லை, யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416க்குப் போன் செய்யுங்கள். இலவசம். தமிழிலும் பேசுவார்கள். சட்டத்துக்கு 15100, மனசுக்கு 14416. இரண்டையும் போர்டில் எழுதிவிடுகிறேன்.

அடுத்த புதன்கிழமை உங்கள் வீட்டில் இருக்கிற மருந்துச் சீட்டுகளை எடுத்து வாருங்கள். பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை எதுவானாலும் சரி. அட்டையில் மருந்தின் பெயர் எங்கே இருக்கிறது, அளவு எங்கே இருக்கிறது, எந்தத் தேதி வரை சாப்பிடலாம் என்று எங்கே போட்டிருக்கிறது என்று சேர்ந்து எழுத்துக் கூட்டிப் படிப்போம். சித்தியும் வருகிறேன் என்றிருக்கிறார். முன்வரிசையில் அவருக்கு ஒரு இடம் விட்டு வையுங்கள்.